உடம்பு இவ்வளவு, ரத்தம் மட்டும் எப்படிக் குறைவு?

வாசகி கடிதம்:

டாக்டர், எனக்கு வயது 41. கும்பகோணம் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. உயரம் 154 செ.மீ., எடை 84 கிலோ. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்றாவது பீரியட் முடிவதற்குள் நிற்க முடியவில்லை. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 வந்தது. மூன்று மாதம் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் எதையும் விடவில்லை. இப்போது 10.1. ஃபெரிட்டின் 48 என்று வந்ததால், "இரும்பு நார்மல், மாத்திரையை நிறுத்துங்கள், எடையைக் குறையுங்கள்" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற ரிப்போர்ட்: எம்.சி.வி. 76, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 11 சதவீதம், சி.ஆர்.பி. 9, எச்.பி.ஏ1சி 6.1. மாதவிடாய் வழக்கம் போல 6 நாள், முதல் இரண்டு நாள் அதிகம்தான். காலையில் கேஸ் மாத்திரை போடுகிறேன். முட்டி வலிக்கு மெடிக்கலில் அவ்வப்போது மாத்திரை வாங்குவேன். "இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு ரத்தம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்" என்று என் நாத்தனார் கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

இன்னொன்று. என் கணவருக்கு (46) கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. அவருடைய ஃபெரிட்டின் 520, சாச்சுரேஷன் 31, ஹீமோகுளோபின் 15. இரும்பு அதிகம் என்று பயந்து முருங்கைக்கீரையையே நிறுத்திவிட்டார். ரத்தம் கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். ஒரே சமையல்தான் சாப்பிடுகிறோம். அவருக்கு ஏன் அதிகம், எனக்கு ஏன் குறைவு?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் கேட்ட கேள்வி கிண்டலாக வந்திருந்தாலும் நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் "ரத்த சோகை" என்றதும் மெலிந்து, வெளுத்து, கன்னம் ஒட்டிய ஒரு பெண்தான் மனதில் வருகிறாள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அதே கணக்கெடுப்பில் 40 சதவீதம் பெண்களுக்கு எடை அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், இரண்டும் சேர்ந்தே இருக்கிற பெண்கள் ஏராளம். நீங்கள் விதிவிலக்கு இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால், உங்களுக்கு இரும்புக் குறைபாடு இருக்கிறது என்றே நான் சொல்வேன். ஃபெரிட்டின் 48 அதை மறுக்கவில்லை, மறைக்கிறது. எப்படி என்று சொல்ல, உடம்பு இரும்பை எப்படிக் கையாள்கிறது என்பதற்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஒரு பெரிய ஆளின் உடம்பில் மொத்தம் 3, 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாகக் கிடக்கிறது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாம் உள்ளே எடுப்பது வெறும் 1 முதல் 2 மில்லிகிராம். ஆனால் புது ரத்தம் ஊற எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20, 25 மில்லிகிராம் வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்கிருந்து ஈடுகட்டுகிறது? பழையதிலிருந்து. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலில் இருக்கும் விழுங்கணுக்கள் உடைத்து, இரும்பைப் பிரித்தெடுத்துத் திரும்ப ரத்தத்தில் விடுகின்றன. ஆக, உடம்பின் இரும்புப் பிழைப்பு பெரும்பாலும் மறுசுழற்சியில்தான் நடக்கிறது. சாப்பாடு சின்ன வரவு.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதுமே ஆச்சரியம் தருவது. உப்பு அதிகமானால் சிறுநீரில் போகும். தண்ணீரும் அப்படித்தான். இரும்பு அதிகமானால் அதை வெளியேற்ற உடம்பில் ஒரு வழியும் கிடையாது. தோல் உதிர்வதிலும் குடல் அணுக்கள் உதிர்வதிலும் நாளைக்கு 1 மில்லிகிராம் போகும், பெண்களுக்கு மாதவிடாயில் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். 1937-லேயே இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் என்ற இருவர் இதைக் காட்டிவிட்டார்கள்: வெளியேற்றத்தில் கட்டுப்பாடு இல்லை, உள்ளே எடுப்பதில்தான் எல்லாக் கட்டுப்பாடும். யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது தெரிய அதன்பின் அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

2000, 2001 வாக்கில் ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் கிருமியைக் கொல்லும் புரதத் துணுக்குகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், கல்லீரல் சுரக்கும் 25 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் பொருளைக் கண்டார்கள். ஹெப்சிடின் என்று அதற்குப் பெயர். கிருமிக்காகத் தேடியது கடைசியில் இரும்பின் எஜமானாக இருந்தது. இரும்பு ஓர் அணுவிலிருந்து ரத்தத்துக்குள் வர நமக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான், ஃபெரோபோர்ட்டின். குடல் அணுவிலும் இருக்கிறது, விழுங்கணுவிலும் கல்லீரல் அணுவிலும் இருக்கிறது. ஹெப்சிடின் போய் அதில் ஒட்டினால் அந்த வாசல் அணுவுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைந்துபோகும். குடலில் உறிஞ்சிய இரும்பு குடல் அணுவிலேயே தங்கி, இரண்டு மூன்று நாளில் அந்த அணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். விழுங்கணு பிரித்த இரும்பும் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

சேமிப்பு நிறைந்தால் கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டும். சேமிப்பு குறைந்தாலோ, ரத்தம் வேகமாக ஊற வேண்டியிருந்தாலோ குறைக்கும். நல்ல ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், ஹெப்சிடினைக் கூட்ட இன்னொரு காரணமும் உண்டு: அழற்சி. காய்ச்சல், தொற்று வந்தால் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிப்பொருள் ரத்தத்தில் ஏறும், அது கல்லீரலிடம் ஹெப்சிடினைச் சுரக்கச் சொல்லும். கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும் அல்லவா? அவற்றுக்குக் கிடைக்காமல் உடம்பு இரும்பை ஒளித்துவைக்கிறது. ஒரு வாரக் காய்ச்சலுக்கு இது புத்திசாலித்தனம்.

ஆனால் உடல் பருமனில் இந்த அழற்சி ஒரு வாரத்தில் முடிவதில்லை. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் பொதி இல்லை, அதுவும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் உறுப்புதான். அளவுக்கு மீறி வீங்கும்போது, குறிப்பாக வயிற்றைச் சுற்றிச் சேரும்போது, இன்டர்லூக்கின்-6 போன்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் கசியவிடுகிறது. காய்ச்சல் தெரியாது, வலி தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் அது சி.ஆர்.பி. 9 என்று தெரிகிறது. 5-க்கு மேல் என்றால் அழற்சி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வோம். கல்லீரலுக்கு வருகிற செய்தி ஒன்றே: "வாசலைச் சாத்து."

பருமனுக்கும் இரும்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் புதிதில்லை. 1962-லேயே பருமனான வளரிளம் பருவத்தினரின் ரத்தத்தில் இரும்பு குறைவாக இருப்பதைப் பார்த்து லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாடு சரியில்லை, ரத்தத்தின் அளவு கூடி நீர்த்துப்போகிறது என்றெல்லாம் அப்போது காரணம் தேடினார்கள். அவையும் ஓரளவு உண்மைதான். ஹெப்சிடின் தெரிந்த பிறகு படம் தெளிந்தது. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தாய்லாந்துப் பெண்களையும் மொராக்கோ, இந்தியக் குழந்தைகளையும் பார்த்தார்கள். எடை கூடக் கூட இரும்பை உறிஞ்சும் அளவு குறைந்தது, இரும்பு சேர்த்த உணவு கொடுத்தும் பருமனான குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. நீங்கள் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு 0.3 ஏறியதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. ஒரு பகுதிதான். மிச்சத்துக்கு வருகிறேன்.

இப்போது அந்த ஃபெரிட்டின். அது இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். சேமிப்பு கரைந்தால் ரத்தத்தில் அதன் அளவு குறையும், அதனால்தான் அதைப் பார்த்துக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் அழற்சி இருந்தால், சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் ஃபெரிட்டின் தானாக ஏறும். டெல்டாக்காரர் உங்களுக்குப் பத்தாயம் என்றால் தெரியும். பத்தாயத்தில் கொஞ்சம் நெல் இருக்கிறது, சாவி மாமியார் இடுப்பில் இருக்கிறது, அடுப்பில் உலை மட்டும் காய்கிறது. உங்கள் எலும்பு மஜ்ஜையின் நிலைமை அதுதான். வெளியிலிருந்து பத்தாயத்தைத் தட்டிப் பார்த்து "நெல் இருக்கிறதே" என்று சொன்னால் சோறு வந்துவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இதற்கு இரண்டு அளவுகோல் உண்டு. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவருக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் குறைபாடு. அழற்சியோ தொற்றோ இருப்பவருக்கு 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு. உங்கள் சி.ஆர்.பி. 9, ஃபெரிட்டின் 48. லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் "நார்மல்" எல்லையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்காது. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் இன்னும் நேரடியான சாட்சி. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் புரதத்தில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது அது. 20-க்குக் கீழே போனாலே மஜ்ஜைக்குப் போதவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு 11. சிவப்பணு சிறுத்து, அதன் அளவைக் காட்டும் எம்.சி.வி. 76-க்கு வந்திருப்பதும் அதோடு பொருந்துகிறது. ஃபெரிட்டினை மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்தச் சொன்னது சரியில்லை என்பது என் கருத்து. அந்த டாக்டரிடமே சாச்சுரேஷனையும் சி.ஆர்.பி.யையும் காட்டி, திரும்ப ஒருமுறை கேளுங்கள். பலர் மறுபடி யோசிக்கத் தயாராகவே இருப்பார்கள்.

சரி, பருமன்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எடை அதிகமான பெண்ணுக்கு எது வந்தாலும் எடைமேல் பழி போட்டு அனுப்பிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. பருமன் வாசலைச் சாத்தும். ஆனால் 41 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10-க்கு வந்தால், ரத்தம் எங்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

"வழக்கம் போல 6 நாள், முதல் இரண்டு நாள் அதிகம்தான்" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வழக்கமாக இருப்பதும் அளவாக இருப்பதும் வேறு. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு என்கிறோம். 80 மில்லி ரத்தத்தோடு சுமார் 30 மில்லிகிராம் இரும்பு போகும். மாதம் முழுக்க நீங்கள் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவதே 30 முதல் 60. யாரும் மில்லிக் கணக்கில் அளக்க முடியாதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா, அந்த இரண்டு நாள் பள்ளிக்குக் கறுப்புச் சேலை தேடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஒரு ஸ்கேன் எடுங்கள். நாற்பதுகளில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி சகஜம். உடல் பருமன் இருந்தால் ஹார்மோன் சமநிலை குலைந்து கர்ப்பப்பை உள்சவ்வு தடித்து, போக்கு அதிகமாவதும் உண்டு. இந்த ஓட்டையை அடைக்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடுத்தது முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை. அட்டையை எடுத்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரிப் பெயர் இருந்தால், அவை வயிற்றின் உட்பரப்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாக ரத்தம் கசிய வைக்கும். வலிக்குப் பாராசிட்டமாலும் முட்டிக்கான பயிற்சியும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். மாத்திரையை நிறுத்தியிருக்கும் இந்த நாட்களிலும் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் அது வேறு விஷயம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் பான்டாபிரசோல் போட்டுவிட்டு, அதன்மேல் இரும்பு மாத்திரையும் போடுவது நம் ஊரில் ரொம்ப சாதாரணம். இரும்பு கரைந்து, உறிஞ்சத் தக்க வடிவத்தில் இருக்க வயிற்று அமிலம் வேண்டும். பான்டாபிரசோலின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. அது உங்களுக்கு எதற்காக ஆரம்பித்தது, இன்னும் தேவைதானா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வலி மாத்திரையால் வரும் எரிச்சலுக்காகத்தான் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதல் மாத்திரை போனால் இரண்டாவதும் போய்விடும்.

இரும்பு மாத்திரையைத் தினமும் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்து வருடம் முன்புவரை நாங்கள் எல்லோரும் "தினம் ஒன்று, முடிந்தால் இரண்டு" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். 2015, 2017-ல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வுகள் அந்தப் பழக்கத்தை அசைத்தன. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு ஒரே வேளையில் உள்ளே போனால், அதுவே ஹெப்சிடினைத் தூண்டிவிடுகிறது. 24 மணி நேரத்துக்கு அது ஏறியே இருக்கும். அடுத்த நாள் மாத்திரை வந்து நிற்கும்போது வாசல் பாதி சாத்தியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஹெப்சிடின் இறங்க நேரம் கிடைக்கிறது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சும் பங்கு கூடுகிறது. வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் குறையும் என்பது உபரி லாபம். ஹெப்சிடின் பகல் போகப் போக ஏறும் குணமுள்ளது, அதனால் காலை வேளைதான் நல்லது. உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும், ஆனால் "ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரே வேளை" என்று கேட்டால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அரசு தரும் தினசரி மாத்திரைத் திட்டம் வேறு கணக்கு.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவில் காலைக் காபியைத் தள்ளிவைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள்தானே, சமாளியுங்கள். கால்சியம் மாத்திரை ஏதும் போட்டால் அதை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் வைட்டமின் சி இரும்பை இழுத்துவரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 2015-ல் ஓர் ஆய்வில், எடை அதிகமான பெண்களுக்கு அந்த உதவி ஒல்லியான பெண்களுக்குக் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் சி உதவுவது குடலின் உள்பக்கத்தில். ஹெப்சிடின் சாத்துவது அதற்கடுத்த வாசலை. நெல்லிக்காயை நிறுத்த வேண்டாம், அதை நம்பி மற்றதை விட்டுவிடவும் வேண்டாம்.

நீங்கள் பாடுபட்டுச் சாப்பிட்ட மாதுளை பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் மாதுளை முத்தில் அரை மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. பேரீச்சையில் 1 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், பீட்ரூட்டில் அதற்கும் குறைவு. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்று யாரோ நம்மை நம்பவைத்துவிட்டார்கள். பேரீச்சை தினமும் பத்து என்றால் சர்க்கரைதான் ஏறும். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ எடுங்கள். ரத்தம் குறைந்தால் சுவரொட்டி கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது ஆட்டின் மண்ணீரல், அதாவது பழைய சிவப்பணுவை உடைத்து இரும்பெடுக்கும் அதே உறுப்பு. அதில் இரும்பு நிறைய இருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. இறைச்சியில் இருக்கும் ஹீம் வகை இரும்பு, கீரை, பருப்பு, கேழ்வரகில் இருப்பதைவிட எளிதாக உள்ளே போகும். சைவம் என்றால் முருங்கைக்கீரை, பருப்பு, சுண்டல் எல்லாம் தொடரட்டும், சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஆனால் இந்த அளவுக்குக் குறைந்துவிட்ட இரும்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது.

ரத்தப்போக்கையும் மேலே சொன்ன மற்றவற்றையும் கவனித்து, சரியான முறையில் மாத்திரை எடுத்தால், நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதே மாத்திரையை இன்னும் மூன்று மாதம் நீட்டாதீர்கள். அப்போது செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, வயிறு, குடலைப் பார்ப்பது: மலத்தில் மறைந்த ரத்தம், ஹெலிகோபாக்டர் கிருமி, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. இரண்டாவது, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது. அது குடல் வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக ரத்தத்துக்கு வருகிறது, ஹெப்சிடின் ஏறியிருப்பவர்களுக்கு இது நன்றாகவே பலன் தரும். மருத்துவமனையில், கண்காணிப்போடு செய்ய வேண்டியது. இரும்பு நிறைந்த பிறகும் எம்.சி.வி. மட்டும் குறைவாகவே நின்றால், சிவப்பணுவைச் சிறுக்கவைக்கும் தலசீமியா என்ற பரம்பரை மரபுக்கூறு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் உங்கள் எச்.பி.ஏ1சி 6.1 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்ணில் பட்டது. இரும்புக் குறைபாட்டில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் காலம் ஓடுவதால் அந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கும் சாதாரணச் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். சர்க்கரை நோயின் வாசற்படி என்று அதற்குள் பயந்துவிட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

எடைக்கு வருகிறேன். எடை குறைந்தால் ஹெப்சிடின் இறங்குகிறது, இரும்பு உறிஞ்சுவது கூடுகிறது. பருமனான குழந்தைகளிடமும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்களிடமும் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் "எடையைக் குறையுங்கள்" என்ற அறிவுரையில் தவறில்லை. வரிசைதான் தவறு. ஹீமோகுளோபின் 10-ஐ வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற முடியாத ஒருவரிடம், தினமும் ஒரு மணி நேரம் நட, அப்புறம் இரும்பைப் பார்ப்போம் என்பது நியாயமில்லை. முதலில் இரும்பு. மூச்சு வாங்குவது குறைந்ததும் நடை. ஆறு மாதத்தில் 5, 6 கிலோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுவது, ஜூஸ் மட்டும் குடிப்பது மாதிரி வேகமான வழிகளில் இருக்கிற கொஞ்ச இரும்பு வரவும் நின்றுவிடும். யாராவது உங்களுக்கு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், அதில் குடலின் முதல் பகுதியைத் தாண்டிவிடும் பைபாஸ் வகை இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். இரும்பை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். அது செய்துகொண்டவர்கள் ஆயுளுக்கும் இரும்பைக் கண்காணிக்க வேண்டும்.

இனி உங்கள் கணவர். ஒரே சமையல், எதிரெதிர் ரிப்போர்ட் என்று நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கதையாகத்தான் தெரிகின்றன. அவருக்கும் கொழுப்புச் சேர்ந்திருக்கிறது, ஆனால் கல்லீரலில். அழற்சி அங்கேயும் இருக்கிறது, ஃபெரிட்டின் அங்கேயும் அதனால் ஏறுகிறது. அவருக்கு மாதவிடாய் இல்லை, ரத்தம் போகும் வழி இல்லை, அதனால் சேமிப்பு கரையவில்லை. கொழுப்புக் கல்லீரல், தொப்பை, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் உயர்ந்தும் சாச்சுரேஷன் சரியாகவும் இருப்பதை 1997-ல் பிரான்ஸில் தனி நிலையாகவே விவரித்தார்கள். அவருடைய 31 சதவீதம் அந்த வகையில்தான் வருகிறது. பிறவியிலேயே இரும்பை அளவில்லாமல் உறிஞ்சும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற நோயில் சாச்சுரேஷன் பெரும்பாலும் 45-ஐத் தாண்டும். வட ஐரோப்பியரிடம் அதிகமாகக் காணப்படும் அந்த மரபணு மாற்றம் நம்மிடம் மிக அபூர்வம்.

ஆக, அந்த 520 கீரையால் வந்ததில்லை. முருங்கைக்கீரையைத் தட்டில் திரும்பப் போடச் சொல்லுங்கள். அவர் குறைக்க வேண்டியது மது இருந்தால் மது, அப்புறம் பொரித்தது, இனிப்பு, இடுப்புச் சுற்றளவு. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினையும் கல்லீரல் பரிசோதனைகளையும் திரும்ப எடுக்கட்டும், சர்க்கரையையும் சேர்த்து. ஃபெரிட்டின் ஏறிக்கொண்டே போய் 1,000-ஐ நெருங்கினாலோ, சாச்சுரேஷன் 45-ஐத் தாண்டினாலோ கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும்.

ரத்ததானம் பற்றி: ஒரு தடவை 350 மில்லி கொடுத்தால் அவரிடமிருந்து சுமார் 175 மில்லிகிராம் இரும்பு போகும், ஃபெரிட்டினும் இறங்கும். எண் இறங்கும், ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கல்லீரலோ சர்க்கரையோ அதனால் பெரிதாக மேம்படவில்லை. மருந்தாக நினைத்துச் செய்ய வேண்டாம். தானமாகச் செய்வதென்றால் ஹீமோகுளோபின் 15 இருப்பவரை ரத்த வங்கியில் வரவேற்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். போகும்போது கல்லீரலில் கொழுப்பு இருப்பதை அங்கிருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே போய்க் கையை நீட்ட வேண்டாம், 12.5 இல்லாமல் உங்களிடம் எடுக்க மாட்டார்கள்.